ஜெயசீலன் ஆகிய நான் எழுதித் தருவது

கன்னியப்பனின் அடிவயிற்றில், வலது தொடைக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும், இருமினால் எட்டிப் பார்க்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் இது பெரிய அதிசயம் இல்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் தோலைத் தூக்கிப் போட்டவர்களில் பலருக்கு இந்தப் பழம் உண்டு. லுங்கியை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

பதினெட்டு வருஷம் தொட்டியடியில் தூக்கிய பிறகு அவனை செலக்‌ஷன் மேசைக்கு மாற்றினார்கள். செலக்‌ஷன் என்றால் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பி, உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, கத்தி பட்ட வெட்டு என்று தேட வேண்டும். பழுது கிடைத்தால் மெழுகுப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து அந்தத் தோலைக் கையில் எடுக்கிறவன் வட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வான்.

பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே பழம் வெளியே வந்தது. வந்தது உள்ளே போகவில்லை. கொய்யாக்காய் அளவுக்கு வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. கன்னியப்பன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். செலக்‌ஷன் மேஸ்திரி ஷபீ அஹமது அவனை அடுக்கி வைத்திருந்த தோல் அட்டியின் மேலேயே சாய்த்து, காலைத் தூக்கி வைத்து, துஆ ஓதிக்கொண்டே ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அது மெல்ல உள்ளே வழுக்கிப் போன பிறகு ஆட்டோ பிடித்து, பைபாஸ் பக்கத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ஜெயசீலனிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் ஜெயசீலனுக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, நீளமான விரல்கள். கன்னியப்பனைப் படுக்கச் சொல்லி, இருமச் சொல்லி, இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"வயித்துச் சதையில ஓட்ட விழுந்து குடல் எறங்குது. இது இன்னொரு தடவ வெளிய வந்து மாட்டிக்கிச்சின்னா ரத்த ஓட்டம் நின்னு குடல் அழுகிடும். உயிருக்கே ஆபத்து. உடனே தச்சிடணும். முக்கால் மணி நேர வேலைதான்."

டாக்டர் அந்த இடத்தில் சொன்ன தெளிவான பேச்சு அது ஒன்றுதான். அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் காகிதத்தில்.

செலவைப் பற்றிக் கவலை இல்லை, ஷாப்பு முதலாளி எடுத்துக் கொடுத்திருந்த இன்சூரன்ஸ் கார்டு இருந்தது. பயம் உள்ளே இருக்கிற அந்தக் குடலைப் பற்றித்தான். உடனே என்றால் நாளைக்கு என்று நினைத்து அவன் மனைவி ராஜம்மாள் அன்று சாயங்காலமே பையில் துண்டும் டம்ளரும் எடுத்து வைத்துவிட்டாள். பை இருபத்து மூன்று நாள் அப்படியே கதவோரம் இருந்தது.

முதலில் ரத்தம், சிறுநீர், சர்க்கரை. சரி, எல்லா இடத்திலும் உள்ளதுதான். பிறகு நெஞ்சுக்கு ஒரு படம். படத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் ஆயிற்றே என்று நுரையீரல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார்கள். அவர் ஊதச் சொல்லி, இன்றைய தேதியில் நுரையீரல் நன்றாக உள்ளது என்று எழுதிக் கொடுத்தார். இன்றைய தேதியில் என்பதன் கீழே கோடும் போட்டிருந்தார். இதய டாக்டர் ஒயர் எல்லாம் ஒட்டிப் பார்த்து, இதயம் சீராக உள்ளது, எனினும் மயக்க மருந்து கொடுப்பவரின் முடிவுக்கு உட்பட்டது என்று எழுதினார். மயக்க மருந்து கொடுப்பவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஊசி போடலாம், எனினும் இதய டாக்டரின் முடிவுக்கு உட்பட்டது என்று எழுதினார். இரண்டு காகிதமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு ஃபைலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

வயிற்று ஸ்கேனில் குடல் சரிந்திருப்பது தெரிந்தது. அது கன்னியப்பனுக்கு ஸ்கேன் இல்லாமலே தெரியும். கூடவே கல்லீரலில் கடுகு மாதிரி ஒரு புள்ளி தெரிந்தது. அநேகமாக ஒன்றுமில்லை என்று ஸ்கேன் எடுத்தவர் எழுதியிருந்தார். டாக்டர் ஜெயசீலன் 'அநேகமாக' என்ற சொல்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒன்றுமில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு பெரிய ஸ்கேனுக்கு வேலூருக்கு அனுப்பினார். அதில் புள்ளியே காணோம். போன புள்ளி ஏன் போனது என்று கேட்காமல் விட்டாரே என்று ராஜம்மாள் பெருமூச்சு விட்டாள்.

இப்படிப் பத்து நாள் போயிற்று. ஒவ்வொரு நாளும் கன்னியப்பன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஒரு கையை வலது பக்கம் அழுத்தி வைத்துக்கொண்டே போனான், வந்தான். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

இருபத்தேழாம் தேதி கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கென்றே தனி ரூம் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரை விட அது பெரிது. அதில் பாரதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் படிப்பு படித்தவள்தான், ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நோயாளியின் நாடியைத் தொட்டதைவிடப் பேப்பரைத் தொட்டதே அதிகம். முப்பத்தெட்டுப் பக்கம் எடுத்து வைத்து, பென்சிலால் குறியிட்ட இடத்தில் எல்லாம் போட்டுக்கொண்டே வாங்க அண்ணா, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றாள். மூலையில் ஸ்டாண்டில் ஒரு கேமரா நின்றது. கையெழுத்துப் போடுவதையும் படம் பிடிப்பார்கள்.

கன்னியப்பன் மேல்பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

பாரதி இதை எதிர்பார்க்கவில்லை. அங்கே யாரும் படித்தது கிடையாது. டாக்டர் ஜெயசீலனே முழுசாகப் படித்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

கன்னியப்பன் படித்ததற்குக் காரணம் இருந்தது. முன்னால் வேலை பார்த்த ஷாப்பில், எழுத்துத் தெரியாத காலத்தில், சம்பள உயர்வு என்று சொல்லி நீட்டிய ஒரு காகிதத்தில் பெருவிரலை வைத்தான். அது அவனே வேலையை விட்டுப் போவதாக எழுதியிருந்த காகிதம். பதினோரு வருஷ சர்வீஸ் ஒரு ரேகையில் போயிற்று. அதற்கப்புறம் நாற்பத்து நாலாவது வயதில், இப்போதைய ஷாப்பின் கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் நடந்த எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ படித்தான். அன்றிலிருந்து படிக்காமல் எதிலும் கை வைத்ததில்லை. ரேஷன் ரசீதைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் மடிப்பான்.

விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தான். மயக்க ஊசியால் மரணம் நேரலாம். ரத்தப்போக்கால் மரணம் நேரலாம். காரணம் தெரியாமலும் மரணம் நேரலாம். இவை யாவும் எனக்கு என் தாய்மொழியில் விளக்கப்பட்டன. நான் சுயநினைவோடு சம்மதிக்கிறேன். பதினான்காம் பக்கத்தில் நிலநடுக்கம், வெள்ளம், மின்தடை ஆகியவற்றுக்கு டாக்டர் பொறுப்பல்ல என்று இருந்தது. வெள்ளம் வந்தால் நாம் எல்லாருமே போய்விடுவோமே என்று கன்னியப்பன் கேட்டான். பாரதி கேமராவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றாள். பிறகு தான் அப்படிச் சொன்னதும் படத்தில் பதிவாகியிருக்குமே என்று முகம் வெளிறிப்போய் கேமராவை நிறுத்தினாள்.

இருபத்து இரண்டாம் பக்கத்தில் அவன் விரல் நின்றது. மேல்பாக்கெட்டிலிருந்து மெழுகுப் பென்சிலை எடுத்தான். கை தானாகச் செய்த காரியம் அது. ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டான்.

"இன்னாம்மா இது, இடது பக்கம்னு போட்டிருக்கு. எனக்கு வலது பக்கம் இல்ல?"

பாரதி பார்த்தாள். யாரோ வேறு ஒருவருக்கு அடித்த சம்மதப் பாரத்தில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவள் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அங்கே நடந்ததைப் பிறகு அவளே கன்னியப்பனிடம் சொன்னாள். தப்பு அகப்பட்டதே, நல்லதாயிற்று என்று டாக்டர் சந்தோஷப்படுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். முழுசும் படித்தாரா என்று கேட்டாராம். ரெண்டு மணி நேரம் படிச்சாரு சார் என்றாளாம். சொந்தத்தில் யாராவது வக்கீல் இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னாராம். இந்த மாதிரி அழியாத பென்சிலால் குறிபோட யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றாராம்.

டாக்டருக்கு ஒரு பழைய அடி இருந்தது. ஆறு வருஷம் முன்பு ஒருவருக்குப் பித்தப்பையை எடுத்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்து அந்த ஆள் வீட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டார். பிறகு வேறு ஏதோ காய்ச்சல் வர, நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டார். மூன்று வருஷம் இழுத்தது. ஆபரேஷனில் தப்பில்லை, சம்மதக் கடிதத்தில் தேதி இல்லை என்பதுதான் குற்றம் என்று முடிந்தது. அன்றைக்கு டாக்டர் ஒரு பாடம் படித்தார். நோயாளி பிழைப்பது வேறு, டாக்டர் பிழைப்பது வேறு. அதற்கு முன்னால் ஒரு வாரத்துக்குப் பதினைந்து ஆபரேஷன் செய்தவர், இப்போது இரண்டு செய்கிறார். மற்ற நாளெல்லாம் கடிதம் எழுதுகிறார்.

புது பாரம் அடிக்க மூன்று நாள். அதையும் கன்னியப்பன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துத்தான் கையெழுத்துப் போட்டான். அதற்குள் ரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது என்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கூடவே, முப்பத்தெட்டுப் பக்கம் மரணத்தைப் பற்றிப் படித்துவிட்டும் ஆபரேஷன் வேண்டும் என்கிறவர் தெளிவான புத்தியோடுதான் கேட்கிறாரா என்று சான்றிதழ் வாங்கி வரச் சொல்லி, திருப்பத்தூரில் இருக்கிற ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் நல்ல மனிதர். யாராவது தன்னை ஏமாற்றுவதாக எப்போதாவது தோன்றுகிறதா என்று அன்பாகக் கேட்டார். கன்னியப்பன் பெருவிரல் கதையைச் சொன்னான். டாக்டர் பேனாவை எடுத்ததும், அது நெஜமாவே நடந்தது சார் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். புத்தி தெளிவாக உள்ளது, எனினும் ஆபரேஷன் செய்வது சர்ஜனின் முடிவுக்கு உட்பட்டது என்று அவரும் எழுதினார்.

கடைசியில் மூன்றாம் தேதி காலை ஆபரேஷன் என்று சொன்னார்கள்.

முந்தின நாள் கன்னியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. காகிதத்தில் இடது என்று போட்டவர்கள் தியேட்டரில் வலது என்று ஞாபகம் வைத்திருப்பார்களா? மயங்கிக் கிடக்கிற தோல் எப்படி வாய் திறந்து சொல்லும்? மேசைக்கு வருகிற எந்தத் தோலும் சொல்வதில்லை, அதனால்தான் வட்டம் போடுகிறோம். குளித்து முடித்துத் துடைத்துக்கொண்டு, மெழுகுப் பென்சிலை எடுத்து, பழம் வருகிற இடத்தைச் சுற்றி வலது அடிவயிற்றில் நல்ல தடிமனாக ஒரு வட்டம் போட்டான். கொஞ்சம் கோணலாக வந்தது போலிருந்ததால் மேலே இன்னொரு தடவை போட்டான்.

மறுநாள் தியேட்டரில் பச்சைத் துணியை விலக்கியதும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இத யாரு போட்டது?" என்றார் டாக்டர்.

"நான்தான் டாக்டர். இங்கதான் பழுது. உங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னு."

டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. தோலோடு ஷாப்பு டிரம்மில் மூன்று மணி நேரம் உருண்டாலும் போகாத பென்சில் அது, பஞ்சுக்கா போகும். ஆபரேஷன் செய்ய வேண்டிய இடத்தை சர்ஜன்தான் குறிக்க வேண்டும் என்பது விதி. நோயாளி குறித்தால் அது யார் குறி? இவர் வெட்டுகிற கோடு வட்டத்தை விட்டு அரை அங்குலம் வெளியே போனால் நாளைக்குப் போட்டோ எடுத்துக் காட்டமாட்டார்களா? அந்தப் பென்சிலில் என்ன கெமிக்கல் இருக்கிறதோ, தையலில் சீழ் பிடித்தால் யார் பொறுப்பு? டாக்டர் கையுறையைக் கழற்றினார். கன்னியப்பனை வந்த வண்டியிலேயே திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அடுத்து வேலூரில் ஒரு தோல் டாக்டர். தோல் டாக்டர் என்று கேட்டதும் கன்னியப்பனுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, நம் வேலையைச் செய்கிறவர் ஆயிற்றே என்று. அவரும் அவனை மேசையில் விரித்து, விளக்கைச் சாய்த்து, லென்ஸ் வைத்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். வட்டம் என்பது வட்டமே, தோல் நோய் அல்ல, எனினும் சர்ஜனின் முடிவுக்கு உட்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

ஏழாம் தேதி மத்தியானம் வீட்டில் பழம் மறுபடி வெளியே வந்தது.

இந்தத் தடவை இரண்டு மணி நேரம். ராஜம்மாள் ஷூவுக்கு மேல்தோல் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறவள். மடியில் இருந்த ஜோடியை வீசிவிட்டு, புருஷன் காலைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கன்னியப்பனுக்கு வேர்வை ஊற்றியது. கண் செருகியது. பழத்தின் மேல்தோல் கருஞ்சிவப்பாக ஆனதை இரண்டு பேருமே பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், அவசரமாக இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று பதிவு செய்த குரல் சொன்னது. ஆட்டோவுக்கு ஆள் போயிருக்கும்போதே அது ஒரு களக் என்ற சத்தத்தோடு உள்ளே போனது.

ராஜம்மாள் அவன் காலைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கினாள். பிறகு ஊசியைக் கையில் எடுத்தாள்.

"நான் ஒரு நாளைக்குப் பத்து ஜோடி தைக்கிறேன். படிச்ச மனுசனால ஒரு ஓட்டையத் தைக்க முடியல. பேஜாரா போச்சுங்க. பேசாம நானே தச்சி உடட்டுமா?"

சாயங்காலம் ஷபீ அஹமது பார்க்க வந்தார். ஃபைலை வாங்கிப் புரட்டினார். உட்பட்டது, உட்பட்டது என்று முடிகிற கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த நோய் தனக்குத் தெரியும் என்றார். கன்னியப்பனின் நோயைச் சொல்லவில்லை, டாக்டரின் நோயை.

"உனக்கு ஞாபகம் இருக்குதா கன்னியப்பா, இத்தாலிக்குப் போன மால் திரும்பி வந்துச்சே? எனக்கு ஜுரமே வந்துடுச்சி. அதுக்கப்புறம் ஆறு மாசம் எந்தத் தோல் வந்தாலும் மூணாம் நம்பர்னு போட்டேன். மூணாம் நம்பர் போட்டா எவனும் நம்மள கேக்க மாட்டான் பார்."

கன்னியப்பனுக்கு ஞாபகம் இருந்தது. பழுதே இல்லாத தோலெல்லாம் மட்டமான மூன்றாம் நம்பர் அட்டியில் போய்ச் சேர்ந்தது. கேட்டால், எதற்கு வம்பு என்பார் மேஸ்திரி. முதலாளி முக்தார் அகமது கத்தவில்லை. ஒரு நோட்டு வாங்கி மேசையில் வைத்தார். தோலைப் பாஸ் பண்ணுகிறவன் மட்டும் இல்லை, வேண்டாம் என்று ஒதுக்குகிறவனும் இனிமேல் ஏன் ஒதுக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடணும் என்றார். ஒரு வாரத்தில் ஷபீ அஹமதுவின் ஜுரம் இறங்கிவிட்டது.

"தள்ளி உடுறதுக்குக் கையெழுத்து கெடையாது இல்ல," என்றார் ஷபீ அஹமது. "அதான் எல்லாரும் தள்ளி உடுறாங்க."

அவர் டீ குடித்துவிட்டுப் போன பிறகு கன்னியப்பன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் அதுவரை படித்தது நிறைய, எழுதியது தன் பெயரும் லீவு லெட்டரும்தான். ஆனால் முப்பத்தெட்டுப் பக்கம் விரல் வைத்துப் படித்தவனுக்கு வாசகத்துக்கு என்ன பஞ்சம். இரண்டு தாள் கிழித்துப் போட்டு, மூன்றாவதில் முடித்தான். எழுத்து ஒவ்வொன்றும் சோளம் மாதிரி தனித்தனியாக நின்றது.

எட்டாம் தேதி காலையில் டாக்டர் ரூமுக்குள் போய், எதிரே உட்கார்ந்து, தாளை மேசைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருந்தான். டாக்டர் படித்தார்.

'டாக்டர் ஜெயசீலன் ஆகிய நான் எழுதித் தருவது. கன்னியப்பன் என்பவருக்கு வலது பக்கம் குடல் சரிந்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். உடனே தைக்காவிட்டால் குடல் அழுகும், உயிருக்கு ஆபத்து என்று பதினாறாம் தேதி நானே சொன்னேன். இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. தைக்கவில்லை. நேற்று ஒரு தடவை மாட்டிக்கொண்டது. தைக்காமல் இருப்பதால் மரணம் நேரலாம் என்பது எனக்கு என் தாய்மொழியில் விளக்கப்பட்டது. எனக்குப் புரிந்தது. இன்றும் தைக்காமல் வீட்டுக்கு அனுப்புகிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி சுயநினைவோடு கையெழுத்துப் போடுகிறேன். வெள்ளம், நிலநடுக்கம் இதில் சேராது.'

டாக்டர் இரண்டாம் தடவை படித்தார். மேலே மின்விசிறி சுற்றியதில் தாளின் முனை படபடத்தது. கன்னியப்பன் அதன்மேல் ஒரு விரலை வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"யார் உங்க வக்கீல்?"

"யாரும் இல்ல டாக்டர். உங்க பாரத்தப் பாத்துதான் எழுதினேன். தேதி போட்டிருக்கேன், பாருங்க."

டாக்டர் எழுந்து பக்கத்து ரூமுக்குப் போய்த் தன் வக்கீலுக்குப் போன் செய்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. கையெழுத்துப் போடக் கூடாது என்று அந்தப் பக்கம் சொன்னார்கள் போலிருக்கிறது. போடவில்லை என்றால் என்றார் டாக்டர். போடாமல் வீட்டுக்கு அனுப்பினால் அது அதைவிட மோசம். வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதினால்? இருபத்து மூன்று நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களே. அப்போது என்னதான் வழி என்று டாக்டர் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பதில் வந்தது. டாக்டர் திரும்பி வந்து நின்றபோது, இந்த யோசனை தனக்குத் தோன்றவே இல்லையே என்கிற மாதிரி முகம் இருந்தது.

"இன்னைக்கே பண்ணிடலாம்," என்றார். "காலைல சாப்பிட்டீங்களா?"

"தெனமும் சாப்பிடாமதான் சார் வர்றேன். நீங்க என்னிக்கு கூப்புடுவீங்கன்னு தெரியாதே."

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. மேலே புத்தி தெளிவாக இருந்தது. முகத்துக்கு நேரே துணி கட்டியிருந்ததால் டாக்டரின் கண்கள் மட்டும் தெரிந்தன. கன்னியப்பன் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வெட்டு வைத்த பிறகு அவற்றில் இருந்த கலக்கம் போய்விட்டது. அதைக் கொடு, இதைப் பிடி என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே, ஒரு அவசரமும் இல்லாமல் வேலை போனது. ஒரு இடத்தில் குடல் கொஞ்சம் கருத்திருக்கிறது, சூடான துணி வையுங்கள், பார்க்கலாம் என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். நிறம் திரும்புகிறது என்று அவர் சொன்னபோது குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. இன்னும் ஒரு தடவை மாட்டியிருந்தால் கதை வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த மனிதருக்கு இந்த வேலை இவ்வளவு பிடிக்கும் என்று கன்னியப்பனுக்கு அதுவரை தெரியாது. ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர் தனியாக வார்டுக்கு வந்தார். கட்டைப் பிரித்துத் தையலைப் பார்த்தார். சுற்றிலும் வட்டம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது, தையல் சரியாக அதன் நடுவில் போயிருந்தது. நன்றாக ஆறுகிறது என்று சொல்லி, புதுக் கட்டைத் தன் கையாலேயே போட்டார். போட்ட பிறகும் அவர் போகவில்லை. போர்வை ஓரத்தைச் சரிசெய்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தப் பேப்பர் இன்னும் கன்னியப்பனிடம்தான் இருக்கிறதா என்று கேட்டார்.

கன்னியப்பன் தலைமாட்டில் இருந்த சட்டைப் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். இனிமேல் அவனுக்கு அது எதற்கு. டாக்டர் வாங்கி, நாலாக மடித்திருந்ததை விரித்து, இரண்டு கையாலும் மேல் ஓரத்தைப் பிடித்தார். கிழிக்கப் போகிறார் என்று கன்னியப்பன் நினைத்தான். பெருவிரல்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு அப்படியே நின்றன.

"கிழிச்சா ஆதாரத்த அழிச்சேன்னு ஆயிடும்," என்றார் டாக்டர், மெதுவாக.

பாரதியைக் கூப்பிட்டார். அவள் ஃபைலோடு வந்தாள். அந்தத் தாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று பக்க எண் போட்டு, ஓட்டை போட்டு, கோத்தாள். பிறகு இன்னொரு தாளை நீட்டினாள். மேற்படி காகிதத்தை நோயாளி தன் விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றித் திருப்பிக் கொடுத்தார் என்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டும், இரண்டு பக்கம்தான், அண்ணா என்றாள்.

கன்னியப்பன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தான். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.